தடயம் எதுவரை பேசும்

வெடிப்பு நடந்த இடத்துக்கு ஆம்புலன்ஸில் வருகிறவர் உயிரைத் தேடுவார். போலீஸ்காரர் ஆளைத் தேடுவார். தடய அறிவியல் ஆய்வகத்திலிருந்து போகிறவர் தேட வேண்டியது வெடித்த பொருளின் மிச்சத்தை. எவ்வளவு பெரிய வெடிப்பானாலும் குண்டு முழுவதுமாக அழிந்து போவதில்லை. சுவிட்சின் நெளிந்த தகடு, கம்பியின் ஒரு துண்டு, பேட்டரியின் மேலுறைக் கிழிசல், கரி படிந்த துணியின் ஓரம் என்று ஏதாவது ஒன்று மண்ணோடு மண்ணாகக் கிடக்கும். அதை எடுத்து, உறையிலிட்டு, எங்கே கிடந்தது என்று எழுதி, ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து, நீதிமன்றத்தில் கூண்டேறிச் சொல்லும்வரை அதன் அடையாளம் மாறாமல் காப்பதுதான் எங்கள் தொழில்.

மாநிலத் தடய அறிவியல் துறையில் வெடிபொருள் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். ராஜீவ் காந்தி கொலை வழக்கின் தடயங்கள் மயிலாப்பூர் ஆய்வகத்துக்கு வந்தபோது நான் துறையில் இல்லை. சில ஆண்டுகள் கழித்துத்தான் சேர்ந்தேன். ஆனால் தொழிலில் நான் கற்ற ஒவ்வொன்றுக்கும் என் மூத்தவர்கள் காட்டிய எடுத்துக்காட்டு அந்த வழக்குதான். “தம்பி, ஸ்ரீபெரும்புதூரை ஒழுங்காகப் படித்தால் போதும், வேறு புத்தகம் வேண்டாம்” என்பார்கள். அப்படிப் படித்ததையும், அதை வைத்து என் மேசையில் நான் வேலை செய்ததையும் இங்கே சொல்ல விரும்புகிறேன். அந்த வழக்கு எங்கள் தொழிலின் வலுவை உலகுக்குக் காட்டியது. அதன் எல்லையையும் அதே வழக்குதான் காட்டியது. இரண்டாவதைப் பற்றி நாம் போதிய அளவு பேசவில்லை.

1991 மே 21. மக்களவைத் தேர்தல் பிரசாரம் உச்சத்தில் இருந்த நேரம். விசாகப்பட்டினத்திலிருந்து விமானத்தில் மீனம்பாக்கம் வந்த ராஜீவ் காந்தி, அங்கிருந்து காரில் ஸ்ரீபெரும்புதூர் போனார். காங்கிரஸ் வேட்பாளர் மரகதம் சந்திரசேகருக்காகப் பொதுக்கூட்டம். வழியில் இந்திரா காந்தி சிலைக்கு மாலை போட்டுவிட்டுக் கூட்டத் திடலுக்கு வந்து, சிவப்புக் கம்பளத்தில் நடந்து மேடையை நோக்கிப் போனார். வரவேற்க நின்றவர்களுக்கு நடுவே சந்தன மாலையோடு ஓர் இளம்பெண். காவலுக்கு நின்ற பெண் போலீஸ் அவளைத் தடுக்கப் பார்த்தார். விடுங்கள் என்று ராஜீவே சொன்னார். மாலை போட்டுவிட்டுக் காலைத் தொடுவதுபோல் அவள் குனிந்தாள். அப்போது மணி இரவு 10.20.

ராஜீவோடு காஞ்சிபுரம் எஸ்.பி. முகமது இக்பால், ராஜீவின் மெய்க்காவலர் பிரதீப் குப்தா, பணியில் இருந்த மற்ற போலீஸார், கட்சித் தொண்டர்கள், தாயோடு வந்த சிறுமி ஒருத்தி எனப் பலர் அங்கேயே மாண்டார்கள். குண்டைச் சுமந்து வந்தவளையும் அவள் கூட்டாளியான புகைப்படக்காரரையும் சேர்த்து இறந்தவர்கள் 18 பேர். காயம்பட்டவர்கள் 40க்கு மேல். இந்த வழக்கைப் பாடமாக நடத்தும்போதெல்லாம் அந்தப் பதினெட்டை முதலில் சொல்லிவிட்டுத்தான் வெடிபொருளுக்குப் போவேன். தலைவரின் பெயரில் வழக்கு நடந்ததால், பக்கத்தில் கடமையாற்றிக்கொண்டு நின்றவர்கள் பேச்சில் பின்னுக்குப் போய்விடுகிறார்கள். எங்கள் கோப்பில் அப்படிப் போக முடியாது. இறந்த ஒவ்வொருவர் உடலும், அதில் பட்ட ஒவ்வொரு காயமும் குண்டு எங்கே இருந்தது என்பதற்குச் சாட்சி.

அடுத்த நாள் நாடு முழுவதும் ஊகங்கள் ஓடின. குண்டு பூங்கூடையில் இருந்தது என்றார்கள். மாலைக்குள் இருந்தது என்றார்கள். கம்பளத்துக்கு அடியில் புதைத்து வைத்திருந்தார்கள் என்றும் சொன்னார்கள். மனித உடம்பிலேயே குண்டைக் கட்டிக்கொண்டு ஒருவர் வந்திருப்பார் என்பது அன்றைக்கு இந்தியாவில் எளிதாகத் தோன்றக்கூடிய எண்ணம் இல்லை. இடத்தைப் பார்த்துவிட்டு அந்த முடிவுக்கு வந்தவர் அப்போது தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் இயக்குநராக இருந்த பேராசிரியர் பி. சந்திரசேகரன்.

அவர் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தார் என்பதுதான் எங்களுக்கு முதல் பாடம். தரையில் புதைத்த குண்டு பெரிய குழியைப் பறிக்கும். இறந்தவர்களின் பாதமும் கணுக்காலும் முதலில் சிதையும். உயரத்தில் தொங்கவிட்ட குண்டென்றால் தலையும் தோளும் அடிபடும். ஸ்ரீபெரும்புதூரில் கிடந்த உடல்களில் ஒரு பெண்ணின் உடல் மட்டும் தனியாகத் தெரிந்தது. தலை கிடைத்தது, கை கால்கள் கிடைத்தன, நடு உடல் இல்லை. குண்டுக்கு எதிரே நின்றவருக்கு ஒரு பக்கம் மட்டும் சிதையும். நடு உடலே இல்லாமல் போவது குண்டு அந்த உடலோடு ஒட்டியிருந்தால்தான். மற்றவர்களின் காயங்கள் வந்த திசையை ஒவ்வொன்றாகப் பின்னோக்கிக் கோடு போட்டால், எல்லாக் கோடுகளும் இடுப்பளவு உயரத்தில் அந்தப் பெண் நின்ற இடத்தில் வந்து கூடும்.

அடுத்தது துணி. கரிந்த டெனிம் துணித் துண்டுகள், அவற்றில் தைத்த வெல்க்ரோ பட்டை, கம்பித் துணுக்குகள், சுவிட்சுகளின் பாகங்கள், ஒன்பது வோல்ட் பேட்டரியின் மிச்சம், சின்னஞ்சிறு எஃகுக் குண்டுகள். பச்சையும் ஆரஞ்சும் கலந்த சல்வார் கமீஸ் போட்டிருந்த அந்தப் பெண், உள்ளே டெனிமில் தைத்த ஓர் உள்சட்டையைக் கட்டியிருந்தாள். அதில் ஆர்.டி.எக்ஸ். வெடிபொருளும், 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் குண்டுகள் ஏறத்தாழ 10,000மும் இருந்தன. இரண்டு சுவிட்சுகள்: குண்டைத் தயார் நிலைக்குக் கொண்டுவர ஒன்று, வெடிக்க வைக்க இன்னொன்று. இவ்வளவும் மண்ணிலிருந்தும் உடல்களிலிருந்தும் பொறுக்கி எடுத்த துணுக்குகள் சொன்னவை. வாய் திறந்து பேச அப்போது ஒருவர்கூடக் கைதாகியிருக்கவில்லை.

இதைப் படிக்கும்போது எளிதாகத் தெரியும். செய்து பார்த்தவருக்குத்தான் கஷ்டம் புரியும். நான் பார்த்த வெடிப்பு இடங்களில் பெரும்பாலானவை பட்டாசுத் தொழிற்சாலை விபத்துகள், கல்குவாரி வெடிகள், நாட்டு வெடிகுண்டு வழக்குகள். எங்கே போனாலும் வேலை முறை ஒன்றுதான். நாங்கள் போய்ச் சேருவதற்குள் தீயணைப்பு வண்டி தண்ணீர் அடித்திருக்கும், ஆம்புலன்ஸ் ஓடியிருக்கும், ஊரே மிதித்திருக்கும். முதலில் வெடிப்பின் மையத்தைப் பிடிக்க வேண்டும். மிகத் தூரத்தில் விழுந்த துண்டைக் கண்டுபிடித்து, அதற்கும் அப்பால் இன்னும் பாதித் தூரம் தள்ளிக் கயிறு கட்டுவோம். உள்ளே நூல் பிடித்துக் கட்டம் கட்டமாகப் பிரிப்போம். ஒவ்வொரு கட்டத்துக்கும் எண். மேல் மண்ணை அள்ளி, முதலில் பெரிய கண் சல்லடை, பிறகு சிறிய கண் சல்லடை, கடைசியில் காந்தம். மையத்தில் எடுத்த மண் தனி. வெடிப்பு எட்டாத இடத்தில் அதே ஊர் மண் ஒரு பிடி தனி. இரண்டாவதை எடுக்காமல் வந்தால், “இந்த நைட்ரேட் வயலில் போட்ட உரத்திலிருந்து வந்திருக்கலாம் அல்லவா?” என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கும்போது பதில் இருக்காது.

ஒவ்வொரு துண்டுக்கும் தனி உறை. யார் எடுத்தது, எந்தக் கட்டம், எத்தனை மணி என்று எழுதி, மகஜரில் சேர்த்து, சாட்சிகளின் கையெழுத்து வாங்கி, அரக்கு சீல் வைத்து, படிவம் 95இல் நீதிமன்றத்தில் ஒப்படைத்து, அங்கிருந்து மாஜிஸ்திரேட்டின் கடிதத்தோடு எங்களுக்கு வர வேண்டும். மேசைக்கு வந்ததும் நாங்கள் முதலில் பார்ப்பது சீல் உடையாமல் இருக்கிறதா, அனுப்பிய மாதிரி சீலோடு ஒத்துப்போகிறதா என்று. அப்புறம்தான் கத்தரிக்கோலை எடுப்போம்.

ஆய்வகத்தில் நடப்பதை ஒரு துண்டை வைத்தே சொல்கிறேன். கரி படிந்த ஒரு துணித் துண்டு வருகிறது. முதலில் உருப்பெருக்கியில் பார்க்கிறோம்: நெசவு, தையல், ஓரம் கிழிந்த விதம், உருகிய இழை, ஒட்டிக்கொண்டிருக்கும் உலோகத் துகள். பிறகு அதை அசிட்டோனில் அலசி, அந்தக் கரைசலை வடிகட்டிக் கெட்டியாக்கி, சிலிக்கா பூசிய கண்ணாடித் தகட்டில் ஒரு புள்ளி வைக்கிறோம். பக்கத்திலேயே நமக்குத் தெரிந்த ஆர்.டி.எக்ஸ்., டி.என்.டி., பி.இ.டி.என். ஆகியவற்றின் புள்ளிகள். தகட்டின் அடியைக் கரைப்பானில் நிறுத்தினால் அது மெல்ல மேலே ஏறும். ஒவ்வொரு பொருளும் அதனதன் உயரத்தில் நின்றுவிடும். காரக் கரைசல் தெளித்துச் சூடாக்கி, அதன்மேல் கிரீஸ் ரீஏஜென்ட் தெளித்தால் ஆர்.டி.எக்ஸ். நின்ற இடத்தில் இளஞ்சிவப்புப் பொட்டு எழும். துணியிலிருந்து எடுத்ததும் அதே உயரத்தில் அதே நிறத்தில் நின்றால் ஒரு படி கடந்தோம். இன்னொரு வேறு முறையிலும் அதே விடை வந்தால்தான் எழுதுவோம்.

அந்தப் பொட்டுக்குப் பின்னால் பெரிய செய்தி உண்டு. கிணறு வெட்டவும் பாறை உடைக்கவும் நம் ஊரில் புழங்குவது அம்மோனியம் நைட்ரேட் சேர்ந்த வணிக வெடிபொருள். கோயில் திருவிழா வேட்டில் இருப்பது கருமருந்து; அது எரிந்து வெடிக்கும் வகை. ஆர்.டி.எக்ஸ். ராணுவச் சரக்கு. அதன் வெடி அலை ஒரு விநாடிக்கு 8 கிலோமீட்டருக்கும் மேல் பாயும். உலோகத்தை வளைக்காமல் நொறுக்கும். நாட்டு வெடிகுண்டில் நாங்கள் பார்ப்பது சணல் கயிறு, ஆணி, கண்ணாடித் துண்டு, சைக்கிள் கடையில் கிடைக்கும் பால்ரஸ் குண்டு. ஒரே அளவிலான ஆயிரக்கணக்கான நுண் எஃகுக் குண்டுகளும் ஆர்.டி.எக்ஸும் சேர்ந்து கிடைத்தால், இதைச் செய்தவர்கள் உள்ளூர் ரவுடிகள் இல்லை, இதற்கென்றே பயிற்சி பெற்ற ஓர் அமைப்பு என்று புலனாய்வாளருக்கு வழி தெரிந்துவிடும். யாருடைய பெயரையும் சொல்லாமலேயே பொருள் தேடலின் திசையை மாற்றிவிட்டது.

பெயர்களுக்கு வழி காட்டியது கேமரா. புகைப்படக்காரர் ஹரிபாபுவின் உடல்மேல் கிடந்த சினான் கேமரா கெடாமல் தப்பியது. உள்ளிருந்த பிலிமில் பத்துப் படங்கள். அவற்றில் ஒன்றில், மாலையோடு காத்திருக்கும் பெண்ணும், கொஞ்சம் தள்ளி வெள்ளைக் குர்த்தா பைஜாமாவில் கையில் குறிப்பேட்டோடு நிருபர்போல நிற்கும் ஆளும் இருந்தார்கள். தணு, சிவராசன் என்ற பெயர்கள் பிறகு வந்தன. முதலில் வந்தவை முகங்கள். செய்தித்தாள்களில் படம் வெளியானதும், அந்த முகங்களைத் தெரிந்தவர்கள் இருக்கும் ஊரில் அவர்கள் ஒளிந்திருப்பது கடினமாகிவிட்டது. தொடக்கத்தில் வேலைக்காகப் போய் உயிர்விட்ட அப்பாவிப் புகைப்படக்காரராகக் கருதப்பட்ட ஹரிபாபு, அவர் வீட்டில் கிடைத்த பூம்புகார் கைவினைக் கடையின் சந்தன மாலை ரசீதால் சதியின் ஒரு கண்ணியாகத் தெரியவந்தார். ஒரு ரசீது. வழக்குகளைத் திருப்புவது பெரும்பாலும் இப்படிப்பட்ட காகிதம்தான்.

மாநில போலீஸிடம் இருந்த வழக்கு சில நாட்களுக்குள் சி.பி.ஐ. கைக்குப் போனது. டி.ஆர். கார்த்திகேயன் தலைமையில் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைந்து, சென்னை கிரீன்வேஸ் சாலையில் ‘மல்லிகை’ என்ற கட்டடத்திலிருந்து இயங்கியது. மே 7 அன்று சென்னையில் வி.பி. சிங் கலந்துகொண்ட கூட்டத்தில் சிவராசன் குழு ஒத்திகை பார்த்ததும் விசாரணையில் வெளிவந்தது. ஜூனில் கைதுகள் நடந்தன. ஆகஸ்ட் 20 அன்று பெங்களூருவை அடுத்த கோணனகுண்டேயில் முற்றுகையிடப்பட்ட வீட்டில் சிவராசன், அவன் கூட்டாளி சுபா உள்ளிட்ட ஏழு பேர் உயிரோடு பிடிபடாமல் இறந்து கிடந்தார்கள். அந்த வீட்டில் சதியின் நடுநாயகமான சாட்சியம் போய்விட்டது. கொலை நடந்து ஓராண்டு நிறையும் தறுவாயில், 1992 மே 20 அன்று குற்றப்பத்திரிகை தாக்கலானது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 41 பேர். அவர்களில் 12 பேர் இறந்துவிட்டார்கள். விடுதலைப் புலிகள் அமைப்பின் பிரபாகரன், பொட்டு அம்மான், அகிலா ஆகிய மூவர் தலைமறைவு. மிச்சம் 26 பேர்மேல் பூந்தமல்லி தனி நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது.

இதுவரை சொன்னவற்றில் எங்கள் தொழிலுக்குப் பெருமை சேர்க்காதது எதுவும் இல்லை. இனிச் சொல்ல வேண்டியது வேறு.

குண்டில் ஒன்பது வோல்ட் பேட்டரி இருந்தது என்பதை மிச்சங்கள் காட்டின. அந்த பேட்டரியைப் பற்றி ஆய்வகம் நிறையச் சொல்லலாம்: எந்த வகை, எத்தனை வோல்ட், என்ன நிறுவனம். ஆனால் அந்த பேட்டரியை வாங்கியவரின் மனத்தில் அப்போது என்ன இருந்தது என்று எந்தத் தகடும் எந்தக் கரைசலும் காட்டாது. கடையில் வாங்கும்போது அது ரேடியோவுக்குப் போடும் பேட்டரி. அதைக் கொலைக் கருவியாக ஆக்குவது வாங்கியவர் அறிந்திருந்தார் என்ற ஒன்று. சதி வழக்கில் குற்றமே அந்த ஒன்றில்தான் இருக்கிறது.

அந்த இடத்தை வழக்கில் நிரப்பியவை வாக்குமூலங்கள். சாதாரணச் சட்டப்படி போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. பயங்கரவாதத்துக்கு எதிரான தடா சட்டத்தின் 15ஆம் பிரிவு அதை மாற்றியது, எஸ்.பி. பதவிக்குக் குறையாத அதிகாரி பதிவு செய்தால் அது சாட்சியம். கைதாகும்போது 19 வயதாக இருந்த பேரறிவாளன், ஒன்பது வோல்ட் பேட்டரிகள் இரண்டை வாங்கிச் சிவராசனிடம் கொடுத்தார் என்பது அப்படிப் பதிவான வாக்குமூலத்தில் இருந்தது. 1998 ஜனவரி 28 அன்று தனி நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்குத் தண்டனை விதித்தது. 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம், நடந்தது தடா சட்டம் சொல்லும் பயங்கரவாதச் செயல் ஆகாது என்று அந்தப் பிரிவுகளில் விடுவித்தது. ஆனால் தடாவின் கீழ் பதிவான வாக்குமூலங்களை மற்றக் குற்றங்களுக்குச் சாட்சியமாக எடுத்துக்கொண்டது. 19 பேர் விடுதலையானார்கள், மூவருக்கு ஆயுள், நளினி, முருகன், சாந்தன், பேரறிவாளன் ஆகிய நால்வருக்கு மரண தண்டனை உறுதியானது.

பதினான்கு ஆண்டுகள் கழித்து, 2013இல், பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரியே ஓய்வுக்குப் பிறகு வெளிப்படையாகப் பேசினார். பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது என்று பேரறிவாளன் சொன்னதாகவும், அதைத் தான் எழுதாமல் விட்டதாகவும் சொன்னார். பின்னர் அதை உச்ச நீதிமன்றத்திலும் பிரமாணப் பத்திரமாகக் கொடுத்தார்.

அந்தச் செய்தியைப் படித்த அன்று ஆய்வகத்தில் எங்களுக்கு வேலை ஓடவில்லை. எங்கள் தொழிலில் ஒரு கட்டத்தின் மண்ணை இன்னொரு கட்டத்து உறையில் போட்டுவிட்டால் அந்தத் தடயமே செத்தது. வழக்கு எவ்வளவு பெரிதானாலும் அதை மேசையிலிருந்து ஒதுக்கிவிடுவோம். ஒரு மனிதனின் உயிர் தொங்கிய ஒரு வாக்கியத்தில் பாதி எழுதப்பட்டது, பாதி விடப்பட்டது. அதைக் கண்டுபிடிக்க நம்மிடம் எந்தச் சோதனையும் இல்லை. சீலை உடைத்தால் தெரியும். விட்ட வாக்கியம் தெரியாது, விட்டவரே சொன்னால் ஒழிய.

இந்த அழுத்தம் எப்படி வரும் என்று எனக்குத் தெரியும். ஒரு குவாரி வெடி வழக்கில், சம்பவ இடத்தில் எடுத்த கம்பித் துண்டும் குற்றம் சாட்டப்பட்டவர் வீட்டில் எடுத்த கம்பிச் சுருளும் ஒரே கடிதத்தோடு என்னிடம் வந்தன. தாமிரத்தின் தடிமன், இழைகளின் எண்ணிக்கை, மேலுறையின் நிறம், பிளாஸ்டிக்கின் வகை எல்லாம் ஒத்துப்போயின. அறிக்கையில் “இரண்டும் ஒத்த தன்மை உடையவை” என்று எழுதினேன். புலனாய்வு அதிகாரி நேரில் வந்து உட்கார்ந்தார்.

“சார், இந்தச் சுருளிலிருந்து வெட்டினதுதான்னு எழுதிக் கொடுத்துடுங்க. ஆள் அவன்தான். எங்களுக்கு நல்லாத் தெரியும்.”

“வெட்டிய முனை இரண்டும் உருகிப் போயிருக்கு. முனை பொருந்தாம அப்படி எழுத முடியாது.”

“ஒத்த தன்மைன்னா வக்கீல் கிழிச்சிடுவான் சார். அதே மாதிரி கம்பி கடைக்குக் கடை தொங்குதேம்பான்.”

“அவர் அப்படிக் கேட்டா நியாயம்தானே? நான் ஆமாம்னுதான் சொல்லுவேன்.”

அவர் கெட்டவர் இல்லை. நடந்ததைப் பார்த்துக் கொதித்துப்போனவர். செத்தவர்களின் குடும்பத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர். அவருக்குத் தெரிந்தது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அவருக்குத் தெரிந்ததை என் கையெழுத்தில் எழுதினால் அது அறிவியல் ஆகாது, இரண்டாவது வாக்குமூலம் ஆகும். வழக்கு விசாரணைக்கு வந்தபோது குறுக்கு விசாரணையில் அந்தக் கேள்வி அப்படியே வந்தது. அந்தப் பதிலை அப்படியே சொன்னேன்.

ஸ்ரீபெரும்புதூர் வழக்கில் கடைசிவரை அசையாமல் நின்றவை எவை என்று எண்ணிப் பாருங்கள். டெனிம் துணி நின்றது. எஃகுக் குண்டுகள் நின்றன. பத்துப் படங்கள் நின்றன. ரசீது நின்றது. தணுதான் குண்டைச் சுமந்தாள், சிவராசன்தான் அழைத்து வந்தான், பின்னால் இருந்த அமைப்பு எது என்பவற்றை முப்பது ஆண்டு வாதங்களில் எந்த நீதிமன்றமும் சந்தேகிக்கவில்லை. ஆட்டம் கண்டது எல்லாம், யாருக்கு எவ்வளவு தெரிந்திருந்தது என்ற இடத்தில்தான். தண்டனையும் அங்கேயே இழுபட்டது. நளினியின் தண்டனை 2000இல் ஆயுளாகக் குறைந்தது. கருணை மனுக்கள் ஆண்டுக்கணக்கில் கிடப்பில் கிடந்ததைக் காரணம் காட்டி 2014 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் மற்ற மூவரின் தூக்கை ஆயுளாக்கியது. 2022 மே 18 அன்று அரசமைப்புச் சட்டத்தின் 142ஆம் பிரிவின்கீழ் பேரறிவாளனையும், நவம்பர் 11 அன்று மீதி ஆறு பேரையும் விடுவித்தது. அந்த விடுதலையைக் கொண்டாடியவர்கள் உண்டு. மாண்டவர்களின் வீட்டில் அதைக் கேட்டு மனம் வெதும்பியவர்களும் உண்டு. இரு பக்கத்து வேதனைக்கும் வேர் ஒன்றே என்று நான் நினைக்கிறேன்: யாருக்கு என்ன தெரிந்திருந்தது என்பதைச் சந்தேகத்துக்கு இடமில்லாத முறையில் பதிவு செய்யும் ஏற்பாடு அன்று நம்மிடம் இல்லை.

அரசின் விசாரணை குற்ற வழக்கோடு முடியவில்லை. பாதுகாப்பில் எங்கே ஓட்டை என்று பார்க்க நீதிபதி ஜே.எஸ். வர்மா ஆணையம்; சதியின் விரிவைப் பார்க்க நீதிபதி எம்.சி. ஜெயின் ஆணையம். 1984இல் இந்திரா காந்தி கொல்லப்பட்ட பிறகு உருவான சிறப்புப் பாதுகாப்புக் குழு, பிரதமராக இல்லாதவரைக் காக்கச் சட்டத்தில் இடம் இல்லாததால், 1989 தேர்தலுக்குப் பிறகு ராஜீவிடமிருந்து விலகியது. அவர் இறந்த பிறகுதான் முன்னாள் பிரதமர்களையும் காக்கும்படி சட்டம் திருத்தப்பட்டது. வர்மா ஆணையம் 1992இல் அறிக்கை தந்தது. ஜெயின் ஆணையத்தின் இடைக்கால அறிக்கை 1997இல் வெளியானதும் குஜ்ரால் ஆட்சியே கவிழ்ந்தது. அதன் தொடர்ச்சியாக 1998இல் பல்துறைக் கண்காணிப்புக் குழு ஒன்று வந்தது. ஆணையத்தின் கேள்வி வேறு, நீதிமன்றத்தின் கேள்வி வேறு. யார் பொறுப்பு என்று ஆணையம் கேட்கலாம். யார் குற்றவாளி என்று நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும், அதுவும் நிரூபித்த பிறகு. ஆணையத்தின் ஊகத்தை நிரூபணமாகவும், நீதிமன்றத்தின் ஐயத்தைப் பலவீனமாகவும் எடுத்துக்கொள்வது அன்றிலிருந்து நம் பொதுப் பேச்சில் ஊறிப்போன பழக்கம்.

சட்டம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. தடா 1995இல் காலாவதியானது. அதே ஏற்பாட்டோடு 2002இல் வந்த பொடா 2004இல் நீக்கப்பட்டது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, ஏழு ஆண்டுகளோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியல் வல்லுநர் சம்பவ இடத்துக்குப் போக வேண்டும் என்கிறது; சோதனையையும் பறிமுதலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்யச் சொல்கிறது. என் காலத்தில் கெஞ்சிக் கேட்டுப் பெற்றதெல்லாம் இன்றைய பிள்ளைகளுக்குச் சட்டமாகக் கிடைத்திருக்கிறது. அதற்கு ஏற்ற ஆட்களும் ஆய்வகங்களும் வேண்டும். இல்லாவிட்டால் வல்லுநர் போனதாகக் கோப்பில் ஒரு கையெழுத்து மட்டும் இருக்கும்.

புதிதாகத் துறைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இரண்டு. முதல் மணி நேரத்தில் இடத்தைக் காப்பாற்றுங்கள். ஸ்ரீபெரும்புதூரில் கிடைத்தது அத்தனையும் தரையிலிருந்து கிடைத்தது. இரண்டாவது, பொருள் சொல்லி முடிக்கும் இடத்தில் உங்கள் அறிக்கையும் முடியட்டும். அதற்கு மேல் ஒரு வரி எழுதச் சொல்லி அதிகாரி கேட்பார், அரசு கேட்கும், துக்கத்தில் இருக்கும் நாடே கேட்கும். கொல்லப்பட்டவர் எவ்வளவு பெரியவரோ அவ்வளவுக்கு அந்தக் கேள்வியின் அழுத்தம் கூடும். அன்றைக்கு மறுப்பது இறந்தவருக்குச் செய்யும் துரோகம்போலத் தோன்றும். உண்மையில் அவருக்குச் செய்யும் நியாயமே அதுதான். மிகையாக எழுதிய ஒரு வரி பின்னாளில் உடையும்போது, அதோடு சேர்ந்து, சரியாக எழுதிய நூறு வரிகளின்மீதும் மக்களுக்கு நம்பிக்கை போய்விடும்.